டிரோன் காணொளியில் ஒலி சரியில்லையா? கோளாறைப் பார்த்து வழி தேடுங்கள்

“அண்ணே, மெமரி கார்டை ரெண்டு தடவை மாத்திப் பாத்துட்டேன், சத்தம் மட்டும் வரவே மாட்டேங்குது.”

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புதிதாக டிரோன் வாங்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கொஞ்ச நாள் கழித்து அதே தம்பி யூடியூபில் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது என்று கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் பல கோளாறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடும். நான் தோட்டத்துக் கோவில் திருவிழா, மறுநடவுக்காகச் சாய்க்கப்போகும் பழைய செம்பனை, ஆள் காலி செய்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) என்று எடுக்கிறவன். படத்தைவிட ஒலிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் காணொளியில் என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

டிரோனில் எடுத்ததில் சத்தமே இல்லை

இது கோளாறே இல்லை. பொழுதுபோக்குக்கு வாங்கும் சின்ன டிரோன்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக் கிடையாது. இருந்தாலும் பயன் இருக்காது, நான்கு விசிறிகள் ஒரு சாண் தூரத்தில் சுற்றும்போது அந்த இரைச்சலைத் தவிர வேறெதுவும் பதியாது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் கார்டில் உள்ள கோப்பைக் கணினியில் விஎல்சி என்ற காணொளிச் செயலியில் திறந்து, அதன் கோடெக் தகவலைப் பாருங்கள். வீடியோ தடம் மட்டும் இருக்கும், ஆடியோ என்ற வரியே இருக்காது. இல்லாத தடத்தின் ஒலியை எந்தச் செயலியாலும் கூட்ட முடியாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், சில டிரோன் செயலிகள் பறக்கும்போதே கைப்பேசியில் தரம் குறைந்த நகல் ஒன்றைச் சேமிக்கின்றன. அமைப்பில் அனுமதித்திருந்தால் கைப்பேசி மைக்கில் விழும் ஒலியும் அந்த நகலில் சேர்ந்துவிடும். நண்பருக்கு அனுப்பிய நகலில் சத்தம் இருக்கிறது, கார்டிலிருந்து எடுத்த அசலில் இல்லை, உடனே டிரோன் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போக வேண்டாம். டிஜேஐ நியோ போன்ற சில மாடல்களில் செயலியே கைப்பேசி மைக் வழியாகக் குரலைப் பதிந்து, விசிறி இரைச்சலைக் குறைத்து, காணொளியோடு சேர்த்துக் கொடுக்கிறது. கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு அது போதும். ரேஸ் டிரோனில் ஆக்‌ஷன் கேமரா கட்டிப் பறப்பவர்களுக்கும் ஒலி பதியும், முழுக்க மோட்டார் சீறலாக.

மற்ற எல்லோருக்கும் ஒலி தரையில்தான் கிடக்கிறது, நடந்துபோய் எடுத்து வர வேண்டியதுதான்.

தரையில் பதிந்தேன், டிரோன் இரைச்சலும் கூடவே வந்துவிட்டது

டிரோன் மேலே இருக்கும்போது பதியாதீர்கள். நம் காதுக்கு அந்த இரைச்சல் பழகிப்போயிருக்கும், மைக்குக்குப் பழகாது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் இரைச்சல் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும், குளிர்சாதனம், விசிறி மாதிரி. டிரோனின் சுருதி காற்றுக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், எடுத்த பிறகு மிச்சம் இருக்கும் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறும்.

இறக்கி, விசிறி நின்ற பிறகு, அதே இடத்தில் நின்று குறைந்தது இரண்டு நிமிடம் பதியுங்கள். பேசாமல், நடக்காமல், சட்டைப் பையில் சாவி குலுங்காமல். இரண்டு நிமிடம் நிற்பது எவ்வளவு நீளம் என்பது முதல் தடவை நிற்கும்போதுதான் தெரியும், ஆனால் பிறகு எடிட்டிங்கில் ஒட்டுப்போட அந்த நீளம் கட்டாயம் வேண்டியிருக்கும்.

அதே மணியில் பதிவது முக்கியம். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் கூடும் விடியல் நேரத்தில் தோட்டத்தில் சேவல், குயில், ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் கப்சாய் மோட்டார், தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் எல்லாம் இருக்கும். நடுப்பகலில் பூச்சிச் சத்தம் மட்டும்தான். விடியற்காலைப் பனிமூட்டப் படத்துக்கு நடுப்பகல் பூச்சியைப் போட்டால், பார்க்கிறவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

‘பொறபொற’ என்று காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது

காற்று மைக்கின் வாயில் நேராக மோதும்போது வரும் சத்தம் இது. நாம் கேட்கும் காற்றின் ஒலி வேறு, அது செம்பனை மட்டை உரசும் ஒலி. மைக்கில் விழுவது வெறும் அடித்தொனி அதிர்வு. சரிசெய்வதைவிடத் தடுப்பது எளிது. மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், திறந்த வெளி என்றால் ரோம உறை. இரண்டும் இல்லையென்றால் தடித்த காலுறையைக் கைப்பேசியின் அடிப்பக்கம் மாட்டிக்கொள்ளலாம், பெரும்பாலான கைப்பேசிகளின் முக்கிய மைக் அங்கேதான் இருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக்கை உங்கள் உடம்பின் மறைவில் பிடியுங்கள். மரத்தின் பின்னால், லயத்துச் சுவரோரம் நின்றாலே பாதி குறையும்.

பதிந்துவிட்டீர்கள், திரும்பப் போக முடியாது என்றால், எடிட்டிங் செயலியில் ஹை பாஸ் என்ற வடிகட்டியை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள். பெயர் புதிதாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதற்குக் கீழே உள்ள தொனியை அது தடுத்துவிடும், அவ்வளவுதான். மனிதக் குரலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. உருமிக்கும் தவிலுக்கும் மட்டும் கவனம், அவற்றின் வயிறு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, வடிகட்டியை ஏற்றிக்கொண்டே போனால் மேளம் தகர டப்பாவாகிவிடும்.

மேளச் சத்தம் கரகரவென்று உடைகிறது

மீட்டர் 0 டெசிபெலைத் தொட்டு அதற்குமேல் போக இடமில்லாமல் அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. டைம்லைனில் அந்த ஒலியைப் பெரிதாக்கிப் பாருங்கள், மலை உச்சி போல இருக்க வேண்டிய இடம் மேசை போலத் தட்டையாக இருக்கும். இதை முழுமையாக மீட்க வழி இல்லை. சத்தத்தைக் குறைத்தால் குறைந்த சத்தத்தில் உடைந்திருக்கும், அவ்வளவே.

அடுத்த தடவைக்கு: உச்ச ஒலி -12 டெசிபெல் அருகில் நிற்கும்படி முன்கூட்டியே அளவு வையுங்கள். உருமிக் குழு ஒத்திகையில் மெதுவாகத்தான் அடிப்பார்கள், சாமி புறப்படும்போது இரண்டு மடங்கு ஏறும், அதற்கும் இடம் விட வேண்டும். கைப்பேசியில் அளவைக் கையால் மாற்ற வசதி இல்லையென்றால் கால்தான் வசதி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் உடைகிறதா, 8 மீட்டருக்குப் போங்கள், இன்னும் உடைகிறதா, 16. இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் மிகப் பெரிய சத்தத்தையும் உடைக்காமல் பதியும், ஆனால் மைக்கே திணறிவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு சுற்றுச்சத்தம் உப்பி வருவதும் அடுத்த அடியில் அமுங்குவதுமாக, யாரோ மூச்சு வாங்குவது போல இருக்கும். கைப்பேசி தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பதால் வருவது இது. கையால் அளவு வைக்க விடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

அடிக்கிறது ஒரு நேரம், கேட்கிறது ஒரு நேரம்

இதில்தான் நான் அதிக நாள் சிக்கிக்கொண்டேன். கோவில் வாசலில் எடுத்த ஒன்றைக் குழுத் தலைவரிடம் காட்டினேன். பெரியவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “தம்பி, குச்சி தோலுக்கு வர்றதுக்குள்ள சத்தம் போயிடுச்சே.” எனக்கு அது தெரியவே இல்லை. காரணம், நான் புளூடூத் காதணியில் எடிட் செய்திருந்தேன். புளூடூத்தில் ஒலி காதுக்கு வரவே விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ பிடிக்கலாம். எனக்குப் பிந்திக் கேட்டதால் நான் ஒலியை முன்னால் தள்ளியிருக்கிறேன், நன்றாக இருந்ததைக் கெடுத்திருக்கிறேன். ஆகவே இந்தத் தலைப்பில் முதல் வேலை, வயர் உள்ள காதணியை மாட்டுவது. பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: விலகல் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவா, அல்லது போகப்போகக் கூடுகிறதா?

ஒரே அளவு என்றால் ஒலியை மொத்தமாக நகர்த்தினால் போதும். டிரோன் கோப்பில் ஒலி இல்லாததால், இரண்டு தடத்தையும் ஒப்பிட்டுத் தானாகப் பொருத்தும் வசதி இங்கே உதவாது. கண்ணால்தான் பொருத்த வேண்டும். எனவே பதிவு ஆரம்பித்ததும் டிரோன் கேமராவுக்குத் தெரியும்படி கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒரு தடவை பலமாகத் தட்டுங்கள். கை சேரும் ஃபிரேமும் அலையில் குத்தி நிற்கும் கோடும் ஒரே இடத்தில் வந்தால் முடிந்தது வேலை. டிரோனைக் கூட்டத்தின் தலைக்கு மேல் கொண்டுபோகாமல் ஓரமாக நிறுத்தினாலே இது நன்றாகத் தெரியும். இந்தத் தட்டுக்கும் மேளத்துக்கும் மட்டும்தான் பறக்கும்போது பதிவது, அதுவும் மேளத்தின் பக்கத்தில் நின்று. அந்தச் சத்தத்தில் டிரோன் அமுங்கிவிடும்.

நீங்கள் தூரத்தில் நின்று பதிந்திருந்தால் ஒலி பிந்தி வந்ததில் தவறு யாருடையதும் இல்லை. நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நின்றால் விநாடியில் 0.09 பங்கு தாமதம், விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் காணொளியில் இரண்டு மூன்று ஃபிரேம். ரயில் பாதையிலிருந்து 350 மீட்டர் தள்ளி நின்றால் ரயில் ஹார்ன் ஒரு முழு விநாடி பிந்தும். கேமரா பக்கத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும் படத்துக்கு அந்த அளவு முன்னால் இழுத்துவிடுங்கள். தூரத்துக் காட்சிக்கு, இடி மின்னல் மாதிரியானவற்றுக்கு, தாமதத்தை அப்படியே விடுங்கள், அதுதான் உண்மை.

போகப்போகக் கூடுகிறது என்றால் காரணம் வேறு. டிரோனோடு கைப்பேசியிலும் காணொளி எடுத்துச் சேர்த்திருப்பீர்கள். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டே எடுக்கும், சில எடிட்டிங் செயலிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, ஃபிரேம் வேகம் மாறாதது என்ற அமைப்பைத் தேர்ந்து, புதிதாக மாற்றிய கோப்பை எடிட்டிங்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணம் மாதிரி வீதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறது என்பது. இசை சிடி வழக்கம் 44,100 ஹெர்ட்ஸ், காணொளி வழக்கம் 48,000. பெரும்பாலான செயலிகள் தாமாகவே சரியாக மாற்றிவிடும். எப்போதாவது தவறாகப் படித்தால் ஒரு நிமிடப் பாட்டு 55 விநாடியில் முடியும், சுருதியும் ஏறியிருக்கும். பாடகர் குரல் திடீரென்று இளமையாகிவிட்டால் இதைச் சந்தேகியுங்கள். ரெக்கார்டரை எப்போதும் 48,000இல் வைத்துவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை.

மணிக்கணக்கான பதிவில் இரண்டு கருவிகளின் கடிகாரமும் சில ஃபிரேம் பிரிவது இயல்பு. நடுவில் அமைதியான இடத்தில் வெட்டி மறுபடி பொருத்திக்கொள்ளுங்கள்.

எடிட் செய்யும்போது கேட்கிறது, எக்ஸ்போர்ட் செய்தபின் இல்லை

தடம் அமைதியாக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஆடியோவுக்கான பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு எடிட்டிங்கிலேயே கேட்காது, ஏனென்றால் அங்கே ஏஏசி ஒலியை அது படிக்காது. ஒலியை வேவ் கோப்பாக மாற்றிக் கொடுத்தால் சரி.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அல்லது கைப்பேசியில் போட்டால் குரலே மறைந்துவிடுகிறது

ஒரு காது என்றால் ஒற்றை மைக் இடப்பக்கத் தடத்தில் மட்டும் பதிந்திருக்கிறது. அந்தத் துண்டை மோனோவாக மாற்றுங்கள், இரண்டு பக்கமும் வரும். காதணியில் நன்றாகக் கேட்டது கைப்பேசி ஒலிபெருக்கியில் மட்டும் மறைந்தால், இடமும் வலமும் தலைகீழ் அலையாக இருந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதையே இரண்டு பக்கமும் போடுங்கள். பார்க்கிறவர்களில் பலர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள், ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை காதணியில்லாமல் கைப்பேசியில் கேட்டுவிடுங்கள். உருமியின் அடித்தொனி அதில் வராது, பயப்பட வேண்டாம், அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் அளவு அவ்வளவுதான்.

இசை போட்டதும் பேச்சு அமுங்கிப்போகிறது

நீங்கள் பேசியதை நீங்களே பத்துத் தடவை கேட்டிருப்பதால் உங்களுக்குச் சொல் புரிகிறது, புதிதாகக் கேட்பவருக்குப் புரியாது. பேச்சு வரும் இடத்தில் இசை பேச்சைவிட 15 முதல் 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். பேச்சு ஆரம்பிப்பதற்கு அரை விநாடி முன்பே இசையை இறக்கத் தொடங்குங்கள், முடிந்தபின் மெதுவாக ஏற்றுங்கள். பல செயலிகளில் இதைத் தானாகச் செய்யும் டக்கிங் வசதி உண்டு, ஆனால் கையால் செய்தது எனக்கு எப்போதும் மேலாகவே இருந்திருக்கிறது. பாடல் வரி உள்ள இசையைப் பேச்சுக்குக் கீழே போடாதீர்கள், எவ்வளவு இறக்கினாலும் சொல்லும் சொல்லும் மோதும்.

மொத்த அளவு பற்றி ஒன்று. யூடியூப் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற அளவை வைத்துக்கொண்டு அதைவிடச் சத்தமானதை இறக்கிவிடும், குறைவானதை ஏற்றித் தராது. அதனால் பக்கத்துக் காணொளியைவிட உங்களுடையது மெல்லக் கேட்கிறது என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியது நீங்கள்தான். கணினியில் காணொளியின் மேல் வலது சொடுக்கி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் கன்டென்ட் லவுட்னஸ் என்று ஒரு எண் இருக்கும். -8 டெசிபெல் என்று காட்டினால் அந்த அளவைவிட 8 கீழே இருக்கிறீர்கள். உச்சம் -1ஐத் தாண்டாமல் மொத்தத்தை ஏற்றி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஒட்டுப்போட்ட இடத்தில் ‘டிக்’ என்கிறது, பாட்டு அறுந்து நிற்கிறது

டிக் சத்தத்துக்கு இரண்டு ஃபிரேம் ஃபேட் (ஒலி மெல்ல இறங்கி ஏறுவது) போதும்.

அறுந்து நிற்பது பெரிய விஷயம். நாம் படத்தை முழுதும் வெட்டி முடித்துவிட்டு, மேலே பாட்டை விரித்து, படம் முடியும் இடத்தில் பாட்டைக் கத்தரிக்கிறோம். கல்யாண வீட்டில் பந்தியை நடுவில் நிறுத்திய மாதிரி ஆகிவிடும். பாட்டின் கடைசிப் பகுதியை எடுத்து முதலில் படத்தின் கடைசியில் வையுங்கள், அது முடியும் இடமும் படம் முடியும் இடமும் ஒன்றாகட்டும். தொடக்கத்தைத் தொடக்கத்தில் வையுங்கள். நடுவில் எங்கே கூடுதலோ அங்கே தாளம் மாறாமல் வெட்டிச் சேருங்கள், அடி விழும் இடத்தில் சேர்த்தால் ஒட்டு தெரியாது.

டிரோன் படம் மெதுவாக நகர்வது, ஒவ்வொரு அடிக்கும் காட்சியை மாற்றினால் தலை சுற்றும். தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 60 அடி போகும் மெல்லிய இசையில் ஓர் ஆவர்த்தனம் சரியாக 8 விநாடி, தோட்டத்துக்கு மேல் போகும் ஒரு நீண்ட காட்சிக்கு அதுவே நல்ல நீளம். 120 அடி என்றால் 4 விநாடி. காட்சி மாறுவதைச் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியில், வைத்தால் பார்க்கிறவர் அதை எண்ண மாட்டார், ஆனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது

முதலில் என்ன வந்திருக்கிறது என்று படியுங்கள். கோரிக்கை வேறு, ஸ்டிரைக் வேறு. கான்டென்ட் ஐடி கோரிக்கை என்பது தானாக ஒப்பிட்டுப் பார்த்து வருவது. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில நேரம் சில நாடுகளில் காணொளி தெரியாது, சேனலுக்குத் தண்டனை இல்லை. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொன்னதால் வருவது, 90 நாள் நிற்கும், அந்தக் காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடலாம்.

பத்து விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை, பாடகர் பெயரைக் கீழே எழுதினால் போதும், சுருதியைக் கொஞ்சம் மாற்றினால் பிடிக்காது என்று தோட்டம் முழுக்கச் சொல்கிறார்கள். மூன்றையும் நம்பாதீர்கள். கேப்கட் என்ற எடிட்டிங் செயலிக்குள் கிடைக்கும் பாட்டு என்பதற்காக யூடியூபில் போட உரிமை கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தனை, தேவாரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும். தியாகராஜர் மறைந்தது 1847இல், அவர் கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடலாம். தேவாரமும் அப்படியே. ஆனால் ஒரு பாடகரோ ஓதுவாரோ பாடிப் பதிவான ஒலிக்குத் தனி உரிமை உண்டு, இணையத்தில் இருந்து அதை இறக்கிப் போட்டால் கோரிக்கை வருவது நியாயம்தான். உங்கள் ஊர்க் கோவிலில் பதிகம் பாடும் பெரியவரிடம், உரிமையோடு கேட்டுப் பாடச் சொல்லி நீங்களே பதியுங்கள். என்ன காணொளி, எங்கே போடப்போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லி, அவர் சம்மதம் சொல்வதையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் யந்திரம் தவறாக வேறு பதிவோடு பொருத்திவிட்டால் மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது, உங்கள் பக்கம் உண்மை இருக்கும்போது தயங்காமல் தெரிவியுங்கள்.

தயாராகக் கிடைக்கும் இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ நூலகத்தில் ஆரம்பியுங்கள். அதில் சிலவற்றுக்குப் படைத்தவர் பெயரைக் குறிப்பில் எழுத வேண்டும், அந்த அடையாளம் பக்கத்திலேயே இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எடுக்கும்போது, மாற்றம் கூடாது என்ற நிபந்தனை உள்ளதை எடுக்காதீர்கள். பாட்டை வெட்டாமல் முழுசாகத்தானே போடுகிறேன் என்று தோன்றும், ஆனால் நகரும் படத்தோடு இசையைப் பொருத்துவதே அந்த உரிமத்தின்படி மாற்றம்தான். வணிகத்துக்கு இல்லை என்று இருந்தால், விளம்பர வருமானம் வரும் சேனலில் போடாதீர்கள்.

எனக்கு வந்த கோரிக்கை இது எதிலும் சேராது. ஆடித் திருவிழாவில் பாட்டே போடாமல், மணியும் கூட்டத்தின் பேச்சும் மட்டும் வைத்து ஒரு காணொளி ஏற்றினேன், அதற்கும் வந்தது. கேட்டுப் பார்த்தால், பந்தல் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, என் சுற்றொலிக்குள்ளேயே அது இருக்கிறது. இப்போதெல்லாம் ஒலிபெருக்கி போடுவதற்கு முன்பே போய்விடுவேன், அல்லது சாப்பாட்டு நேரத்தில் அது நிற்கும்போது பதிந்துகொள்வேன். ஏற்றிவிட்ட பிறகு தெரிந்தால் யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் அமைதியாக்கவோ, அந்தத் துண்டை வெட்டவோ, வேறு இசை வைக்கவோ முடியும், காணொளியை அழித்துத் திரும்ப ஏற்ற வேண்டாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் படம் ஒட்டவில்லை

மீட்டர் சரி, தாளம் சரி, உரிமை சரி. இருந்தும் உலகத்தில் எந்த ஊருக்கும் பொருந்துகிற விளம்பரம் மாதிரி இருக்கிறது. இதுதான் எனக்கு மிக முக்கியமான கோளாறு, இதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

இசையை முழுக்க நிறுத்துங்கள். கீழே சுற்றொலியை மட்டும் வைத்துப் படத்தை ஒரு தடவை ஓடவிடுங்கள். எங்கே படம் தானாக நிற்கிறதோ அங்கே இசை வேண்டாம். எங்கே தளர்கிறதோ அங்கே மட்டும் இசை உள்ளே வரட்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது போல மெதுவாக. சுற்றொலிக்கு மேல் இரண்டு மூன்று குறிப்பிட்ட சத்தங்களைத் தனியாகப் பதிந்து வையுங்கள்: செம்பனைக் குலை தரையில் விழும் ‘தொம்’, செம்மண் மேட்டில் லோரி கியர் மாற்றி முனகுவது, தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கும் முதல் அரை நிமிடம். காட்சியில் அது தெரியும்போது, தெரிவதற்குச் சற்று முன்பே, கேட்கட்டும்.

உயரத்தையும் காதுக்குக் கொடுக்க வேண்டும். டிரோன் முற்றத்திலிருந்து எழும்பும்போது கோழியும் பாத்திரமும் கேட்கலாம், மேலே போகப்போக அவை மங்க வேண்டும். மலேசியாவில் சிறிய டிரோனுக்குப் பொதுவான உயர வரம்பு 400 அடி, சுமார் 120 மீட்டர், அங்கே கோழிச் சத்தம் முற்றத்தில் கேட்ட அதே அளவில் கேட்டால் படம் பொய்யாகிவிடும். அளவை இறக்கும்போதே, லோ பாஸ் வடிகட்டியால் கூர்மையான மேல்தொனியையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள், தூரம் தானாக வந்துவிடும். இசை உள்ளே நுழைய அந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம்.

பழைய பால்மரத் (ரப்பர்) தோட்டத் துண்டு ஒன்றை எடுத்திருந்தேன், வயலின் இசையோடு. வீட்டில் போட்டுக் காட்டியபோது பெரியம்மா பார்த்தார், நல்லா இருக்குப்பா என்றார், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பல வருடம் பால் வெட்டியவர். பிறகு ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, காய்ந்த ரப்பர் காய் வெடித்து விதை சருகில் தெறிக்கும் சத்தத்தைப் பதிந்தேன். எப்போது வெடிக்கும் என்று தெரியாது, நாற்பது நிமிடத்தில் ஒன்பது தடவைதான் கிடைத்தது. வயலினை எடுத்துவிட்டு அதை வைத்தேன். மறுபடி போட்டபோது பெரியம்மா அடுப்படியில்தான் இருந்தார், திரை அவருக்குத் தெரியாது. “காய் வெடிக்குது, எந்த நெரையிலடா எடுத்த?” என்று அங்கிருந்தே கேட்டார்.

போன வருடம் பதிந்த ஒலியைக் கண்டுபிடிக்க முடியவில்லை

ரெக்கார்டர் வைக்கும் எண்ணை அப்படியே விட்டிருப்பீர்கள். பதிந்த அன்றைக்கே பெயரை மாற்றுங்கள்: தேதி, மணி, இடம், என்ன சத்தம், என்ன இடைஞ்சல். ‘காலை 6.40, மேல் லயம், கோவில் மணி, நடுவில் ஒரு மோட்டார்’ என்கிற மாதிரி. எடிட் செய்த காணொளியை மட்டும் வைத்துக்கொண்டு அசல் ஒலியை அழித்துவிடாதீர்கள், இரண்டு நிமிட வேவ் கோப்பு ஸ்டீரியோவில் 20, 25 மெகாபைட்தான். அந்த மேல் லயம் இப்போது இல்லை, இடித்துச் செம்பனைக் கன்று வைத்துவிட்டார்கள். மணி இருக்கிறது, இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.